முதல் மணி நேரத்தில் தொடங்கிய மெரோபெனத்தை மூன்றாம் நாள் நிறுத்தப்போவது யார்? குழந்தைகள் ஐசியுவில் செப்சிஸும் மருந்தெதிர்ப்பும்

நள்ளிரவுப்பணி எழுதியது:

வணக்கம். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். செப்சிஸ் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அது முதல் ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நடக்கிறது, மூன்றாம் நாளைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு என்ற நெடுநாள் ஆதங்கத்தால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். இரவு இரண்டரை மணிக்கு எட்டு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். கைகால்கள் சில்லிட்டிருக்கின்றன, நெஞ்செலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப ஐந்து வினாடிகள் ஆகின்றன, குழந்தை தாயின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய்ச் சொந்த உறுப்புகளையே முடக்கத் தொடங்கிவிட்ட இந்த நிலைதான் செப்சிஸ். அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது; நாங்கள் நாற்பது நிமிடங்களில் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடுகிறோம். இதுவரை எந்தத் தகராறும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, குழந்தை பால் குடிக்கிறது, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்த மருந்துகள் நின்றுவிட்டன, இரத்தக் கல்ச்சரில், அதாவது இரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், எதுவும் வளரவில்லை. படுக்கையைச் சுற்றி நிற்கும் நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் நானே, "எதற்கும் இருக்கட்டும்" என்கிறேன். மெரோபெனம் ஏழாம் நாள் வரை ஓடுகிறது. அடுத்த படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு மெரோபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி வரும்போது நாங்கள் எல்லோரும் வியப்படைகிறோம்.

2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்கு செப்சிஸ் ஏற்பட்டதாகவும், இறந்தவர்களில் 29 இலட்சம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. 2019-இல் மருந்தெதிர்ப்பு, அதாவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது, நேரடிக் காரணமாக அமைந்த இறப்புகள் 12.7 இலட்சம், அவற்றிலும் ஐந்தில் ஒன்று அந்த வயதினருடையது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் எங்கள் வார்டு. உங்கள் பிரிவுகளில் மூன்றாம் நாள் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

பழையஸ்டெத் எழுதியது:

மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் சிறு நகரமொன்றில் குழந்தை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதில் பிழை காணவில்லை, ஆனால் மூன்றாம் நாளைப் பற்றிக் கவலைப்படும் வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்கு மிக அருகிலிருந்த கல்ச்சர் ஆய்வகம் அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. குழந்தை என்னிடம் வரும்போதே வேறெங்கோ மூன்று ஊசிகள் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் அதை எப்படி நம்புவது?

ஆன்டிபயாடிக் அதிகமாகக் கிடைப்பதால் இறக்கும் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம். அது கிடைக்காமலே இறக்கும் குழந்தைகளையும் எண்ண வேண்டும். நிமோனியாவுக்கு உரிய ஆன்டிபயாடிக் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,45,000 இறப்புகளைத் தவிர்க்கலாம் என்று 2016-இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடியாத பச்சிளங்குழந்தைக்கு ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி அமாக்சிசிலினும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-இல் சொன்னது இந்த நிலையை அறிந்துதான். ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு என்ற சொல் கீழே இறங்கி வரும்போது தயக்கமாக மாறிவிடும் என்பதே என் அச்சம். ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் போடவேண்டிய முதல் ஊசியைப் போடாமல் அனுப்பிவிட்ட இளைய மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அகார்தட்டு எழுதியது:

நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறேன். ஐயா சொல்வது முழு உண்மை. ஆனால் முதல் ஊசியை யாரும் இங்கே எதிர்க்கவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். நியூயார்க் மாநிலத்தில் சட்டப்படி நடைமுறைக்கு வந்த குழந்தைகள் செப்சிஸ் தொகுப்புச் சிகிச்சையை 54 மருத்துவமனைகளில் 1179 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று வேலைகளும் ஒரு மணி நேரத்தில் முடிக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு குறைவாக இருந்தது. அந்த மூன்றில் ஆன்டிபயாடிக் ஒன்று, திரவம் ஒன்று, இரத்தக் கல்ச்சர் ஒன்று. மூன்றாவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். தனித்தனியாக எடுத்துப் பார்த்தபோது எந்த ஒன்றும் மட்டும் தெளிவான பயனைக் காட்டவில்லை. மூன்றும் சேர்ந்தபோதுதான் காட்டியது.

இனி நம் நாட்டுக் கணக்கு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. செப்சிஸ் என்று முடிவு செய்யப்பட்டவர்கள் 14.3 விழுக்காடு, கல்ச்சரில் கிருமி வளர்ந்தவர்கள் 6.2 விழுக்காடு. செப்சிஸ் என்று முடிவானவர்களில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள், "எதற்கும் இருக்கட்டும்" என்று மருத்துவர் குறிப்பிட்ட அந்த வெற்றிடத்தில் இருந்தார்கள்.

கிருமி வளர்ந்தவர்களின் நிலை அதைவிட மோசம். முதலிடத்தில் அசினெட்டோபாக்டர் 22 விழுக்காடு, அடுத்து கிளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14. அசினெட்டோபாக்டரில் 82 விழுக்காடும் கிளெப்சியெல்லாவில் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. செப்சிஸ் நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தவை என்பதை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். தாயிடமிருந்து வரும் கிருமி என்று பாடநூல் சொல்லும் காலகட்டத்தில், ஐசியுவின் சுவரிலும் குழாயிலும் குடியிருக்கும் கிருமிகள் குழந்தையைப் பிடித்திருக்கின்றன. தொடக்கத்தில் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகள் போதும் என்ற பழைய விதி அத்தகைய இடங்களில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிலாவின்அப்பா எழுதியது:

டாக்டர்கள் நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். சென்ற ஆண்டு என் மகள் ஒன்றரை வயதில் பதினோரு நாட்கள் ஐசியுவில் இருந்தாள். ஊரையும் மருத்துவமனையையும் சொல்லவில்லை. நான்கு நாள் காய்ச்சல், பக்கத்துக் கிளினிக்கில் தினமும் ஓர் ஊசி, ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

இந்த இழையில் பேசப்படும் மூன்றாம் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் ஓர் இளம் டாக்டர் வந்து, "இரண்டு மருந்துகளில் ஒன்றை இன்று நிறுத்துகிறோம்" என்றார். அன்றைக்கு முன்தினம்தான் காப்பீட்டு வரம்பு முடியப்போகிறது என்று பில்லிங் பிரிவில் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் பணம் தீர்ந்துவிட்டது என்பதால்தான் நல்ல மருந்தை நிறுத்துகிறார்கள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வார்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன், நகையை விற்றுத் தருகிறேன் என்றேன். அவர்கள் மருந்தைத் தொடர்ந்தார்கள். ஏழாம் நாள் அவளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் வாயில் பூஞ்சையும் வந்தன. அது அந்த மருந்தால்தானா என்று எனக்குத் தெரியாது. மகள் நலமாக இருக்கிறாள்.

நான் கேட்பது இதுதான்: நிறுத்துவது நல்லது என்றால், அதை ஏன் நிறுத்துகிறோம் என்று இரண்டு நிமிடங்கள் உட்கார்ந்து சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது ஏன்?

நள்ளிரவுப்பணி எழுதியது:

ஐயா, மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மருந்தைத் தொடங்கும்போது பெற்றோரிடம் கையொப்பம் வாங்குகிறோம், படம் வரைந்துகூட விளக்குகிறோம். நிறுத்தும்போது வாய்மொழியாக ஒரு வரி. நிறுத்துவதற்கான முடிவும் சிகிச்சைதான் என்று எங்களுக்கே முழுமையாக நம்பிக்கை வராததால் அப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மருந்தைத் தொடர்ந்து அதனால் தீங்கு விளைந்தால் யாரும் கேட்பதில்லை. நிறுத்திய பின் குழந்தைக்கு ஏதாவது ஆனால் முதல் கேள்வி நம்மைப் பார்த்தே வரும். இந்த அச்சத்துக்குப் பெயர் மருத்துவம் இல்லை என்று தெரிந்தும் அதற்குக் கீழ்ப்படிகிறோம்.

பழையஸ்டெத் ஐயாவின் கேள்விக்கு: முன்னரே ஊசி போட்ட குழந்தையின் கல்ச்சரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பது சரி. குழந்தையின் நிலை, தொற்றின்போது இரத்தத்தில் ஏறும் சிஆர்பி அல்லது புரோகால்சிடோனின் அளவு இறங்கும் வேகம், வேறு நோய்க்கு உள்ள சான்று, இவற்றையெல்லாம் சேர்த்தே பார்க்கிறோம். எங்கள் பகுதியில் செப்சிஸ் என்று சேர்ந்த குழந்தைகள் பலருக்கு இறுதியில் டெங்கு என்று தெரிந்திருக்கிறது. டெங்கு உறுதியான பிறகும் மெரோபெனம் ஓடிய நாட்களை எண்ணினால் வெட்கமாக இருக்கும்.

குழந்தைகளிடம் எதை செப்சிஸ் என்பது என்று 2024 ஜனவரியில் வந்த ஃபீனிக்ஸ் வரையறை இந்த இடத்தில் ஓரளவு உதவுகிறது. தொற்று ஐயத்தோடு காய்ச்சலும் வேகமான நாடியும் இருந்தாலே செப்சிஸ் என்று சொல்ல வைத்த 2005-ஆம் ஆண்டு அளவுகோலை அது கைவிட்டது. தொற்று ஐயம் இப்போதும் வேண்டும். அத்துடன் நுரையீரல், இரத்த ஓட்டம், இரத்த உறைவு, மூளை ஆகிய நான்கின் செயலிழப்பைக் கணக்கிட்டு இரண்டு புள்ளிகளாவது வர வேண்டும். அப்படி இரண்டு புள்ளிகள் பெற்ற குழந்தைகளில் மருத்துவமனை இறப்பு வசதி மிக்க இடங்களில் 7.1 விழுக்காடு, வசதி குறைந்த இடங்களில் 28.5. அதே நோய், அதே புள்ளி, நான்கு மடங்கு இறப்பு. ஆனால் அந்த அளவுகோல் நோய் முற்றியதை அடையாளம் காண்பதற்கானது. வாசலில் நிற்கும் குழந்தையை முன்கூட்டியே வடிகட்டும் கருவியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கும் அது பொருந்தாது.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

செவிலியராக இருப்பதால் கல்ச்சர் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இந்த விவாதம் முழுவதும் அந்தப் பாட்டிலை நம்பியே நிற்கிறது.

சுருங்கிப்போன நரம்புள்ள குழந்தையிடமிருந்து ஒரு மில்லி இரத்தம் எடுப்பது எவ்வளவு கடினம் என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். பல இரவுகளில் அரை மில்லிகூடக் கிடைப்பதில்லை. கிடைத்ததைப் பாட்டிலில் விட்டு அனுப்புகிறோம். பிறகு "வளர்ச்சி இல்லை" என்று வரும் தாளை எல்லோரும் வேதவாக்காகப் படிக்கிறார்கள். தோலைச் சரியாகத் துடைத்து, மருந்து உலரும் வரை காத்திருக்காமல் ஊசி குத்தினால், தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்து வருகிறது, அதற்காக வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தொடங்குகிறார்கள். பாட்டிலை இரவு முழுவதும் மேசையில் வைத்திருப்பதும் நடக்கிறது. கெட்டுப்போகும் என்று எண்ணிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த புதிய தங்கை ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அப்படி வைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தியிருக்கும் சென்ட்ரல் லைன் என்ற குழாயின் முனையை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து வினாடிகள் தேய்க்க வேண்டும். நான்கு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் என்ற இரவில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை முறை லைனைத் திறக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று வகுப்பில் படித்தோம். வென்டிலேட்டரின் பொத்தான், படுக்கையின் கம்பி, என் கைப்பேசி, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பு, எல்லாம் காய்ந்த பரப்புதான். புதிய ஆன்டிபயாடிக் வாங்குவதற்குக் கையொப்பம் உடனே கிடைக்கிறது, இன்னொரு செவிலியருக்குக் கிடைப்பதில்லை.

அகார்தட்டு எழுதியது:

சிஸ்டர் எழுதியதை அச்சிட்டு எங்கள் ஆய்வகத்தில் ஒட்டப்போகிறேன். தானியங்கிக் கருவியில் உடனே வைக்கப்பட்ட பாட்டிலில், உண்மையான நோய்க்கிருமி இருந்தால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் கருவி அடையாளம் காட்டிவிடும். 48 மணி நேரத்தில் முடிவெடுக்கலாம் என்று நாங்கள் துணிந்து சொல்வது அதனால்தான். ஆனால் பத்து மணி நேரம் மேசையில் கிடந்த பாட்டிலுக்கு அந்த 48 மணியை எப்போதிலிருந்து எண்ணுவது?

மருந்தெதிர்ப்பு எப்படி ஏறிவந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றை உடைக்கும் நொதிகள் கிருமிகளிடம் பெருகியதும் நாம் கார்பபெனம் வகைக்குத் தாவினோம், மெரோபெனம் அந்த வகைதான். அதையும் உடைக்கும் என்டிஎம் (நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதியைப் பற்றிய 2010-ஆம் ஆண்டின் முக்கியமான ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்தக் கட்டுரையில் என்டிஎம் மரபணு உள்ள 44 கிருமிகள் சென்னையிலிருந்தும், 26 ஹரியானாவிலிருந்தும், 37 பிரிட்டனிலிருந்தும் வந்தவை. பெயரில் "நியூ டெல்லி" இருந்ததற்கு அப்போது எழுந்த கூச்சலில் உள்ளடக்கம் அமுங்கிப் போனது. இந்த மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருப்பதால் ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடுகிறது, ஈ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்குப் போக அதற்குத் தடையேதும் இல்லை.

அதன் பிறகு எஞ்சியது கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டப்பட்ட மருந்தை மீண்டும் எடுத்துத் தூசி தட்டிப் பிஞ்சுக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். அந்த மருந்தைக் கோழிகளின் எடையைக் கூட்டத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் என்பதும், உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்க இந்தியா 2019-இல்தான் தடை விதித்தது என்பதும் இந்த இழையில் பதிவாக வேண்டும். கொலிஸ்டினுக்குக் கிருமி அடங்குமா என்பதை மருந்து தோய்த்த சிறு தாள் வில்லையைக் கிருமித் தட்டில் வைத்துப் பார்க்கும் வட்டத்தாள் முறையில் சோதித்து நம்பக் கூடாது என்பதையும் மருத்துவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

என்டிஎம் உடைக்க முடியாத ஒன்று அஸ்ட்ரியோனம். ஆனால் அதே கிருமியிடம் உள்ள வேறு நொதிகள் அதை உடைத்துவிடும் என்பதால், அந்த நொதிகளை முடக்கும் அவிபாக்டமுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விலையைப் பற்றி நிலாவின் அப்பா போன்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

ஊசியும் சிரப்பும் எங்கள் கடையிலிருந்து போகின்றன என்பதால் ஒரு சிறு குறிப்பு. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம், மெரோபெனம் உள்ளிட்டு அப்போது பட்டியலிடப்பட்ட 46 மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும், தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயரும் நோயாளியின் பெயரும் அளவும் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நான் எழுதுகிறேன். எழுதாத கடை அடுத்த தெருவில் இருக்கிறது, வாடிக்கையாளர் அங்கே போய்விடுகிறார். சென்ற ஆண்டுச் சீட்டைக் கைப்பேசியில் காட்டி, "அதே சிரப்பு, அதே காய்ச்சல்தான்" என்று கேட்கும் பாட்டிக்கு இல்லை என்று சொல்வது எளிதன்று. அவர் குழந்தையை மருத்துவரிடம் காட்டப் போனால் அன்றைய கூலி போகும் என்பது எனக்கும் தெரியும்.

பழையஸ்டெத் எழுதியது:

இந்தப் பதிவுகளைப் படித்த பின் என் முதல் பதிவின் சுருதியைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக விட்டுவிடவில்லை. மருத்துவர் தொடக்கத்தில் சுட்டிக்காட்டிய தயக்கம் சிறு ஊரிலும் உண்டு. நானும் மூன்றாம் நாள் நிறுத்தியிருக்க வேண்டிய பல ஊசிகளை ஐந்தாம் நாள் வரை போட்டிருக்கிறேன். ஊசியை நிறுத்தினால் அந்தக் குடும்பம் அடுத்த மருத்துவரிடம் போய்விடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இதை ஓய்வு பெற்ற பிறகுதான் எழுத முடிகிறது.

அதிகமாகச் செய்வதே நல்லது என்ற நம்பிக்கை இந்தத் துறையில் ஒருமுறை பலமாக அடிவாங்கியிருக்கிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றிய குழுக்களில் 48 மணி நேர இறப்பு 10.5 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. ஏற்றாத குழுவில் 7.3. வென்டிலேட்டர் இல்லாத இடங்களின் கணக்கு அது என்பதை மறக்கக் கூடாது. அந்த முடிவை நான் முதலில் நம்ப மறுத்தேன்.

என் கேள்வி இன்னும் நிற்கிறது: எந்த ஆன்டிபயாடிக் கூட்டை முதலில் தொடங்குவது என்பதிலேயே நமக்குள் ஒற்றுமை இல்லையே?

அகார்தட்டு எழுதியது:

இல்லை ஐயா. இந்தியா உட்பட 11 நாடுகளின் 19 மருத்துவமனைகளில் செப்சிஸ் ஐயத்துக்குள்ளான 3204 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் கூட்டுகள் 200-க்கும் மேல். ஒரே நோய்க்கு இருநூறு வழிகள் என்றால் வழியே தெரியவில்லை என்றுதான் பொருள். அமிகாசின், ஃபாஸ்போமைசின், ஃப்ளோமாக்செஃப் போன்ற பழைய மருந்துகளை இணைத்துச் சோதிக்கும் நியோசெப்1 என்ற ஆய்வு ஆப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது. அதன் முடிவு வரும்வரை அவரவர் வார்டில் சென்ற ஓராண்டில் என்ன வளர்ந்தது, எதற்கு அடங்கியது என்ற பட்டியலே முதல் ஊசிக்கு வழிகாட்டி. நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் அந்தப் பட்டியலை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

நள்ளிரவுப்பணி எழுதியது:

நானும் திறந்து பார்க்காதவர்களில் ஒருவன்தான் மேடம், இன்று பார்த்தேன்.

இந்த வாரம் எங்கள் பிரிவில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்திருக்கிறோம். தினசரிக் குறிப்புத் தாளில் ஒரு கட்டம் சேர்த்து, ஆன்டிபயாடிக் தொடங்கிய 48-ஆம் மணியில் அதைத் தொடர்வதானால் எதற்காகத் தொடர்கிறோம் என்று மூத்த மருத்துவர் தம் கையால் ஒரு வரி எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். நிறுத்தினால் எழுத வேண்டியதில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்பதைக் காரணமாக எழுத முடியாது என்றும் சேர்த்துக்கொண்டோம். நேற்று நானே பேனாவை எடுத்து, எழுத ஒன்றும் இல்லாமல் மருந்தை நிறுத்தினேன். பிறகு அந்தக் குழந்தையின் பாட்டியிடம் உட்கார்ந்து ஆறு நிமிடங்கள் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, நிலாவின் அப்பா, நீங்கள் சொன்ன அதே காப்பீட்டைப் பற்றியதுதான்.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

டாக்டர், கட்டம் நல்லதுதான். ஆனால் அந்த 48 மணி எப்போது தொடங்குகிறது என்று தாளில் எழுதியிருக்கிறீர்களா? இரவு பத்து மணிக்குப் பிறகு பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக எங்கள் வார்டில் ஆள் கிடையாது. காலை ஏழு மணிக்கு வரும் உதவியாளர்தான் எடுத்துப்போகிறார். உங்கள் வார்டில் யார் கொண்டுபோகிறார்கள்?